படம் வந்தாலே பகைவன் புகுவானோ?



சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, சுண்டலும் காப்பியும் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துச் சென்றார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்தில் அவரை அறியாதார் இலர். வடநாட்டுச் சிறு நிலையங்களில் 36 ஆண்டுகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் வண்டி வாங்கி வண்டி விட்டவர். வயது 78. கணக்கில் ஒரு காசு பிசகினாலும் உறங்கமாட்டார். அத்தகையவர் தம் கைப்பேசியை ஏதோ சுடுபொருளைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“தம்பி, தெரியாத எண்ணிலிருந்து எது வந்தாலும் நான் தொடுவதில்லை. ஓ.டி.பி. எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லுவதில்லை. அப்படியிருந்தும், ஒரு படம் வந்து சேர்ந்தாலே போதும், திருடன் உள்ளே வந்துவிடுவான் என்று என் பேரன் சொல்லுகிறானே, இது நடக்கிற காரியமா? என் பென்ஷன் முழுவதும் இதற்குள்தானே இருக்கிறது?”

நான் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. படிப்புப் பத்தாம் வகுப்போடு நின்றது. கணிப்பொறியைப் பற்றி நான் அறிந்தனவெல்லாம் அலுவலகத்தில் அடிபட்டுக் கற்றனவும், பின்னர் ஆவலினால் நாடிப் படித்தனவுமே ஆகும். ஆயினும், இப்பகுதியை எழுதி வருகிறேன் என்னும் ஒரே காரணத்தால் அன்பர்கள் என்னை வல்லுநன் என்று எண்ணிவிட்டார்கள். அந்த எண்ணத்தை மறுக்கும் துணிவு அன்று எனக்கு இல்லாமற் போயிற்று. “அதெல்லாம் நடவாது, ஐயா. படம் என்பது வெறும் படந்தானே! நாமாக எதையாவது இயக்கினால் ஒழிய ஒன்றும் நேராது. அச்சமின்றி இருங்கள்” என்று கூறிவிட்டேன். பெரியவரின் முகம் தெளிந்தது. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் சொல்லிவிட்டோமோ என்னும் உறுத்தல் விடவில்லை. அடுத்த இரண்டு வாரங்களும் கிடைத்த நேரத்திலெல்லாம் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது, நான் கூறியது தவறு என்பதும், பள்ளியில் படிக்கும் அப்பேரன் கூறியதே உண்மை என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. ஆதலின் இத்திங்கள் எழுதுவதற்கென்று வைத்திருந்த பொருளை ஒதுக்கிவிட்டு, அன்று சொன்னதைத் திருத்தி எழுதுகிறேன். பெரியவரிடம் கேட்டவர்கள் எத்தனை பேரோ, அவர் வழியாக என் தவறான விடையை நம்பியவர்கள் எத்தனை பேரோ, யார் அறிவார்!

நிற்க. பிரவுசர் என்று நாம் சொல்லும் உலாவியின் வேலை என்ன என்பதை முதலில் பார்ப்போம். நம் பார்சல் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கிருந்தோ, யார் யாரோ அனுப்பிய பெட்டிகள் அங்கு வந்து குவிகின்றன. அனுப்பியவரை நாம் பார்த்ததில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பார்சல் குமாஸ்தா பெட்டியைத் திறப்பதில்லை. மேலே எழுதியிருப்பதைப் படித்து, எடை போட்டு, உரியவரிடம் ஒப்படைத்துவிடுவார். உலாவியோ ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளிருப்பதை வெளியே எடுத்து, அழகாக அடுக்கி நமக்குக் காட்டியாக வேண்டும். எழுத்தாயினும் படமாயினும் பாட்டாயினும் திறந்தே தீர வேண்டும். நாம் ஒரு பக்கத்தைப் பார்க்கும் சில நொடிகளுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான பெட்டிகள் திறக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் நாம் “தொட்டோம்” என்று சொல்லமுடியாது. நாம் தொடாவிட்டாலும் நம் பொருட்டு ஒருவன் தொட்டுக்கொண்டே இருக்கிறான். அன்று பெரியவருக்கு விடை கூறும்போது நான் மறந்துபோனது இதைத்தான்.

படங்கள் வரும்போது விரித்த பாயாக வருவதில்லை. சுருட்டிக் கட்டிய பாயாகவே வருகின்றன. அப்படியே அனுப்பினால் நேரமும் செலவும் மிகும் அன்றோ! படத்தைச் சுருட்டுவதற்குப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ‘வெப்பீ’ என்பது. கூகுள் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸப்பில் கரும்பும் மத்தாப்புமாக ஸ்டிக்கர்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோமே, அவையும் வெப்பீப் படங்களே. ஆகவே இப்பெயரைக் கேள்விப்படாத வீட்டிலும் இப்பொருள் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே நம் பெரியவரையே சாட்சிக்கு அழைக்கலாம். அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் தந்திக் கருவியில் ‘கட்டு, கட’ என்று தட்டியே செய்தி அனுப்புவார்கள். அந்தத் தந்திமொழியில் ஆங்கில எழுத்துகளுள் ‘ஈ’ என்பதற்கு ஒரே ஒரு புள்ளி. ‘டீ’ என்பதற்கு ஒரே ஒரு கோடு. ‘கியூ’ என்பதற்கோ கோடு, கோடு, புள்ளி, கோடு என்று நான்கு தட்டு. ஏன் இந்த ஓரவஞ்சனை? அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் கொடுத்தால் மொத்தச் செய்தியும் சுருங்கிவிடும். தட்டுபவன் கையும் பிழைக்கும்.

இதே எண்ணத்தைக் கணக்கறிவால் செம்மையாக்கியவர் டேவிட் ஹஃப்மன் என்னும் அமெரிக்கர். 1951-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்தார். அவருடைய ஆசிரியர் ராபர்ட் ஃபேனோ, “இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது ஒரு கட்டுரை எழுதலாம்” என்று மாணாக்கருக்கு விட்டுவிட்டார். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். ஆசிரியரே முழுமையாகத் தீர்க்க முடியாமல் இருந்த கணக்கை மாணவர் தீர்த்துவிட்டார்! 1952-இல் அக்கட்டுரை அச்சாகி வெளிவந்தது. இன்று உலகெங்கும் படமும் ஒலியும் சுருட்டப்படும் இடங்கள் பலவற்றில் ஏதோ ஒரு வடிவில் அம்மாணவரின் முறை உழைத்துக்கொண்டிருக்கிறது. தேர்வுக்கு அஞ்சிக் கட்டுரை எழுதுவோர் பலர்; அவர்களில் இப்படிப் பெயர் பெற்றவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வெப்பீயிலும் ஹஃப்மன் முறை உண்டு. படத்தை விரிப்பதற்கு முன், எந்தக் குறிக்கு எந்த நிறம் என்று காட்டும் அட்டவணை ஒன்றை உலாவி தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அட்டவணை எழுதுவதற்கு இடம் ஒதுக்க வேண்டும் அல்லவா? முறைப்படி அமைந்த குறிகளாக இருந்தால், எவ்வளவு பெரிய அட்டவணை வரக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவைத்தார்கள். படத்தின் வகையைப் பொறுத்து அளவு மாறும். அவற்றுள் ஒரு வகைக்கு 2954 கட்டங்கள் என்பது கணக்கு. கணக்கில் பிழை இல்லை. நல்ல படம் எதுவும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

ஆனால் ‘நல்ல படம்’ என்ற சொல்லில்தான் வினை இருந்தது.

ரயில்வேக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு நிலையத்தில் லூப் லைன் இருக்கிறது. அதில் எத்தனை வாகன் நிற்கும் என்பது அளந்து எழுதப்பட்டிருக்கிறது. கோடியில் ஃபவுலிங் மார்க் என்று ஒரு கல் நட்டிருக்கும். அதற்கு இப்பால் நிற்கும் வண்டியால் பக்கத்து லைனுக்கு இடையூறு இல்லை. அதைத் தாண்டி ஒரே ஒரு வாகன் நீட்டிக்கொண்டு நின்றாலும், மெயின் லைனில் வரும் வண்டி அதன்மேல் மோதும். இப்போது ஒரு சரக்கு வண்டி வருகிறது. “சட்டப்படி அமைந்த வண்டி எதுவும் இந்த லைனுக்குமேல் நீளாது” என்று நம்பி, எண்ணிப் பாராமலே உள்ளே வாங்கிவிடுகிறோம். வாங்கிய பிறகு எண்ணிப் பார்க்கிறோம். சட்டத்துக்குப் புறம்பாக எவனோ வேண்டுமென்றே வாகன்களைக் கோத்து அனுப்பியிருந்தால்? நாம் எண்ணி முடிக்கும்போது அது ஃபவுலிங் மார்க்கைத் தாண்டி நின்றுகொண்டிருக்கும்.

வெப்பீ விரிக்கும் கருவியில் நடந்தது இதுவே. குறிகள் முறைப்படி அமைந்தவையா என்று பார்க்கும் சோதனை இருந்தது. ஆனால் அட்டவணையை எழுதிக்கொண்டே போய்ப் பிறகுதான் அச்சோதனை நடந்தது. தீயவன் ஒருவன் பொருந்தாத குறிகளைக் கோத்து ஒரு படம் செய்தால், அட்டவணை தன் எல்லையைக் கடந்து பக்கத்து இடத்திலும் எழுதத் தொடங்கிவிடும்.

“எழுதினால் எழுதட்டுமே, படம் கெட்டுப்போகும், அவ்வளவுதானே?” என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் கணிப்பொறியின் நினைவகம் விசித்திரமானது. அங்கே சரக்கும் கட்டளையும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கின்றன. ஓர் அறையில் படத்தின் நிறம்; அடுத்த அறையில், “இவ்வேலை முடிந்ததும் இன்ன இடத்துக்குச் சென்று அங்குள்ளபடி செய்க” என்னும் குறிப்பு. நீண்டு நின்ற வாகன் பக்கத்து லைனை மறிப்பதோடு நில்லாமல், கேபினுக்குள்ளேயே புகுந்து லீவரைத் தள்ளிவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இது. குறிப்பு மாறிவிட்டால் இயந்திரம் தீயவன் காட்டிய இடத்துக்குச் சென்று, தீயவன் எழுதிவைத்ததைச் செய்யும். இயந்திரத்துக்கு இது நம் கட்டளை, அது அயலான் கட்டளை என்னும் வேற்றுமை தெரியாது. பிறகு அது கடிதத்தைப் படிக்கும், ஒலிவாங்கியைத் திறக்கும், இருக்கும் இடத்தைச் சொல்லும்.

இந்த வகைப் பழுது புதிதும் அன்று. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவில் மாரிஸ் என்னும் மாணவர் ஏவிய ‘புழு’ ஒன்று கணிப்பொறிகளை ஊர்ந்து முடக்கியபோது, அது நுழைந்த வழிகளுள் ஒன்றும் இப்படி எல்லை தாண்டி எழுதுவதே. 35 ஆண்டுகள் கழித்தும் அதே குழியில் விழுகிறார்கள் என்றால், மேதைகளும் மனிதர்களே என்று ஆறுதல் கொள்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இது வெளிப்பட்ட கதை 2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நிகழ்ந்தது. கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ‘சிட்டிசன் லேப்’ என்னும் ஆய்வுக்கூடம் உள்ளது. அரசுகளும் தனியாரும் மக்களின் கைப்பேசிகளை வேவு பார்ப்பதைக் கண்டுபிடித்து வெளியிடுவது அவர்கள் பணி. அவர்கள், வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பொதுநல அமைப்பில் பணியாற்றும் ஒருவருடைய ஐபோனைச் சோதித்தபோது, உள்ளே பெகாசஸ் என்னும் வேவுக்கருவியைக் கண்டார்கள். இஸ்ரேல் நாட்டு என்.எஸ்.ஓ. நிறுவனம் விற்கும் கருவி அது. உடையவர் எதையும் தொடவில்லை. எந்த இணைப்பையும் திறக்கவில்லை. செய்தியோடு ஒட்டி வந்த படமே வாயிலாக அமைந்தது. நம் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை அந்த ஐபோனில் இருந்தது.

அதன்பின் நாட்கள் விரைந்தன. செப்டம்பர் 6-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினரும் சிட்டிசன் லேபும் சேர்ந்து கூகுளுக்குத் தெரிவித்தார்கள். 7-ஆம் நாள் ஆப்பிள் தன் கைப்பேசிகளுக்கு 16.6.1 என்னும் திருத்தத்தை வெளியிட்டது. 11-ஆம் நாள் குரோம் உலாவிக்கு 116.0.5845.187 என்னும் திருத்தம் வந்தது. இப்பழுதைப் பயன்படுத்தும் தாக்குதல் ஏற்கெனவே நடமாடுகிறது என்று கூகுளே அறிவிப்பில் ஒப்புக்கொண்டது. 12-ஆம் நாள் ஃபயர்பாக்ஸ் உலாவியும் திருத்தம் தந்தது. பழுதுக்கு வழங்கிய பதிவெண் சி.வி.இ. 2023-4863.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். முதலில் இது குரோமின் பழுது என்றே பதிவாயிற்று. உண்மையில் பழுது குரோமில் மட்டும் இல்லை. பலரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக்கருவி ஒன்றில் இருந்தது. ஒரே ஆலையில் வார்த்த கப்ளிங்கைப் பத்துத் தொழிற்சாலைகள் தங்கள் வண்டிகளில் மாட்டியிருப்பதைப் போன்றது இது. ஆலையில் குறை என்று சொல்லாமல், “இன்ன தொழிற்சாலை வண்டியில் குறை” என்று சுற்றறிக்கை விட்டால், மற்ற ஒன்பது பேரும் தங்களுக்கு அன்று என்று வாளாவிருப்பர். செப்டம்பர் 25-இல் பொதுக்கருவிக்கென்று வேறொரு பதிவெண்ணும், பத்துக்குப் பத்து என்னும் அபாய மதிப்பும் கொடுத்தார்கள். பழையதே போதும் என்று இரண்டொரு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அலுவலகச் சுற்றறிக்கைகளோடு காலம் கழிக்கும் எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான அக்டோபர் 2023 பாதுகாப்பு அறிக்கையில் இப்பழுது இடம் பெற்றது.

அச்சுறுத்துவது என் நோக்கமன்று. பெகாசஸ் போன்ற கருவி மிகுந்த விலையுள்ளது. பத்திரிகையாளர், அரசியல்வாதி, உரிமைக்குப் போராடுவோர் ஆகியோரைக் குறிவைத்தே அது ஏவப்படுகிறது; ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் வற்றல் குழம்புக் குறிப்பை அறிய எவரும் அத்தனை பணம் செலவிடமாட்டார். மேலும், உலாவி செய்வோரும் அறிவிலிகள் அல்லர். ஒரு பழுது வழியே திருடன் நுழைந்தாலும் வீடு முழுவதும் திரியாதபடி, பக்கங்களைத் திறக்கும் வேலையைத் தனி அறையில் பூட்டி வைத்தே செய்கிறார்கள். திருடனுக்கு அந்த அறையிலிருந்து வெளியேற வேறொரு ஓட்டையும் வேண்டும்.

ஆயின் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நம்போன்றோருக்கு அபாயம் தொடங்குவது, பழுது மறைவாக இருக்கும் காலத்திலன்று. பழுது சரிசெய்யப்பட்ட நாளிலிருந்துதான்! கேட்பதற்கு விந்தையாக இருக்கும். திருத்தம் வெளியானவுடன், எந்த வரியைத் திருத்தினார்கள் என்பதை உலகமே பார்க்கிறது. பார்ப்பவருள் நல்லவரும் உண்டு, பொல்லாதவரும் உண்டு. வெப்பீ விஷயத்திலும் அந்தச் செப்டம்பர் முடிவதற்குள், இப்பழுதைத் தூண்டும் படத்தை எப்படி அமைக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்கி எழுதிவிட்டார்கள். அதுவரை பெருஞ்செல்வர் கையில் இருந்த ஆயுதம், அதன்பின் சில்லறைத் திருடனும் செய்து பார்க்கக்கூடியது ஆகிவிடுகிறது. அவன் தேடுவது, திருத்தத்தை இன்னும் ஏற்றிக்கொள்ளாத சோம்பேறிகளை.

அந்தச் சோம்பேறிகளுள் நானும் ஒருவன். இதை எழுத உட்கார்ந்த அன்று என் வீட்டுக் கணிப்பொறியில் குரோமின் வலப்புற மூலையைப் பார்த்தேன். திருத்தம் வந்து காத்திருந்தால் அங்கே நிறம் காட்டும்: பச்சை என்றால் திருத்தம் வந்து இரண்டு நாள் ஆகவில்லை, ஆரஞ்சு என்றால் நான்கு நாள் அளவில், சிவப்பு என்றால் ஒரு வாரமேனும் கடந்துவிட்டது. என் வீட்டில் சிவப்பு. சிக்னல் சிவப்பாக இருக்கையில் வண்டி ஓட்டினால் ரயில்வேயில் என்ன ஆகும் என்பதை அறிந்த நான், எத்தனை நாள் அதைக் கடந்து ஓட்டிக்கொண்டிருந்தேனோ தெரியாது! என் மகள் பாடம் படிப்பதும், மனைவி ஊருக்குப் பணம் அனுப்புவதும் அதே பொறியில்தான்.

இன்னொரு நுட்பம். திருத்தம் தானாகவே இறங்கிவிடுவது உண்மை; ஆனால் உலாவியை மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். என்னைப்போல் வாரக்கணக்கில் மூடாமலே வைத்திருப்பவருக்கு, மருந்து வாங்கிவந்து அலமாரியில் வைத்ததே பலன். கைப்பேசியில் பிளே ஸ்டோருக்குள் சென்று, குரோம், வாட்ஸப் முதலியவற்றுக்குத் திருத்தம் காத்திருக்கிறதா என்று பார்த்து ஏற்றவேண்டும். செட்டிங்ஸ் பகுதியில் கைப்பேசிக்கே உரிய பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதியது என்பதையும் பார்க்கவேண்டும். நம் அரசாங்கத்தின் செர்ட்-இன் என்னும் அமைப்பு 2004 முதல் இத்தகைய பழுதுகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. பணம் பறிபோனால் அழைக்கவேண்டிய எண் 1930. தாமதமின்றி அழைத்தால் பணத்தை இடையில் மறிக்க வாய்ப்பு உண்டு.

இனிப் பெரியவரிடம் வருவோம். தவறை ஒப்புக்கொள்ளாமல் இதை அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுக்குச் சென்றேன். “ஐயா, அன்று நான் சொன்னது தவறு. உங்கள் பேரன் சொன்னதே சரி” என்றேன். அவர் சினம் கொள்ளவில்லை. “லைன் கிளியர் கொடுத்துவிட்டுப் பிறகு ரத்து செய்வது எளிதன்று, தம்பி” என்று மட்டும் சொல்லிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

பார்த்தபோது எனக்குத் திகைப்பு. 2017-இல் வாங்கிய பொறி. ஆண்ட்ராய்டு ஏழாம் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக வந்தது 2018-இல். குரோம் உலாவி 119-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது; அதற்கு மேற்பட்டவை அந்த ஆண்ட்ராய்டில் ஏறா. அதாவது, வெப்பீப் பழுது குரோமில் அடைபட்டிருந்தது. அதற்குப் பின் கண்டுபிடித்த பழுது ஒன்றும் அடைபடவில்லை. கைப்பேசிக்கே உரிய உட்கருவிகளுக்கோ 2018-க்குப் பின் மருந்தே இல்லை. அதில்தான் அவருடைய பென்ஷன் கணக்கு.

“புதியது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைப்பேசியை வாங்கி, ஏதோ தட்டி, என் பக்கம் வைத்தார். மறைந்த அவர் துணைவியாரின் குரல் கேட்டது. “மழை வரும்போல் இருக்கிறது. மாடியில் மிளகாய் வற்றல் காய்கிறது. மறக்காமல் எடுத்து வையுங்கள்.” அவ்வளவே. அம்மையார் மகன் வீட்டில் இருந்த காலத்தில் அனுப்பியவை அவை. இப்படி 47 உள்ளனவாம். மகன் இரண்டு முறை புதிய கைப்பேசி வாங்கித்தர முன்வந்ததும், இவர் வேண்டாம் என்றதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. பழைய பொறியைக் கொடுத்தால் குரலும் போய்விடும் என்பது அவர் அச்சம்.

அன்று மாலை முழுவதும் அவ்வேலைதான். என் கணிப்பொறியைக் கொண்டுவந்து கம்பியால் இணைத்து 47 பதிவுகளையும் எடுத்துச் சேர்த்தோம். ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்துச் சரி என்று அவர் குறித்துக்கொண்டார். வண்டி எண் குறிப்பதுபோல் தாளில் வரிசையெண் போட்டு, பக்கத்தில் கோடு இழுத்தார். இரண்டு பென்டிரைவில் படி எடுத்து, ஒன்று இங்கும் ஒன்று மகன் வீட்டிலும் இருப்பதென்று முடிவாயிற்று. புதிய கைப்பேசி வாங்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவார்கள் என்பதை முதலில் கேட்கும்படி மகனுக்குத் தொலைபேசியில் சொன்னார். நிறத்தையும் விலையையும் பிறகு பார்க்கலாமாம். பழையதிலிருந்து வங்கிச் செயலியை நீக்கிவிடுவதும், சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையையும் நிறுத்திவிட்டு, குரல் கேட்பதற்கென்று மட்டும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வதும் அவரே சொன்ன ஏற்பாடு.

“வெளி உலகத்தோடு தொடர்பில்லாத சைடிங்கில் நிறுத்திவிட்டோம். இனி அதில் எவன் வந்து மோதுவான்?” என்றார். பிறகு சற்று யோசித்து, “புதியதிலும் நாளைக்கு ஓர் ஓட்டை கண்டுபிடிப்பார்கள் அல்லவா?” என்று கேட்டார்.

“கண்டுபிடிப்பார்கள், ஐயா” என்றேன். இம்முறை தயங்காமல் உண்மையைச் சொன்னேன்.

“அப்படியானால் மாதம் ஒருமுறை உன்னிடம் கொண்டுவந்து காட்டுகிறேன்.”

அவர் ஒருவருக்காக உட்காருவதைவிட எல்லோருக்குமாக உட்காரலாம் என்று செயலாளரிடம் கேட்டேன், இசைந்தார். திங்கள்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் சங்கத்தின் படிப்பகத்தில் இருப்பேன். கைப்பேசியையும் அதன் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். கடவுச்சொல்லை என்னிடம் சொல்லவேண்டா; நீங்களே உங்கள் கையால் தட்டுங்கள்.